மூன்று சில்லும் ஒரு பிறேக்கும்

2024 ஏப்ரல் 20, சனி

நவம்பரில் போர்த்தி மூடின வண்டியை இன்றுதான் திறந்தேன். பற்றரி உயிரோடு இருந்தது; முதல் அமுக்கிலேயே என்ஜின் பிடித்துக்கொண்டது. இவர், என் கணவர், கராஜ் வாசலில் நின்று, "தொடங்கீட்டுது" என்றார். வண்டியைச் சொன்னாரா, என்னைச் சொன்னாரா தெரியவில்லை.

ஒயில் மாற்ற வேண்டும். 15,000 கிலோமீற்றர் அல்லது ஒரு வருடம், எது முதல் வருகிறதோ அப்போது மாற்று என்கிறது கையேடு. போன கோடையில் நான் ஓடினது 6,000 கூட இல்லை. ஆனாலும் வருடம் கழிந்துவிட்டது. வழக்கமாகக் கொடுக்கும் இடத்துக்கு அடித்துக் கேட்டேன். மே கடைசி வாரத்துக்கு முதல் இடமில்லையாம். சொன்ன காசுக்கு ஸ்காபரோவிலிருந்து மொன்றியலுக்கு இரண்டு தரம் போய்வரலாம். இந்த ஊரில் மோட்டார் சைக்கிள் ஓடக் கிடைப்பதே ஐந்தாறு மாதம். அதில் ஒன்றை வரிசையில் நிற்கக் கொடுக்க எனக்கு மனமில்லை. நானே மாற்றுவதென்று முடிவெடுத்தேன்.

அளவுநாடாவோடு போய்க் குந்தினேன். என்னுடையது 2015 கான்-ஆம் ஸ்பைடர் ஆர்.ரி.; முன்னுக்கு இரண்டு சில்லு, பின்னுக்கு ஒன்று. தரைக்கும் அதன் வயிற்றுக்கும் நடுவே 115 மில்லிமீற்றர். நான் வாங்கி வைத்திருக்கும் அலுமினிய ஒயில் தட்டின் உயரம் 130. தூக்காமல் வேலையில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு மாதமாக எங்களோடு நிற்கிற மாமா (இவரின் அப்பா), சாரத்துக்கு மேல் குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். கொக்குவில் பக்கம் இருபத்திரண்டு வருடம் ஓட்டோ ஓடின மனிதர். "முன்னுக்குப் பின்னாய்ச் செய்து வைச்சிருக்கிறாங்கள்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஏப்ரல் 21, ஞாயிறு

எல்லாரும் கோயிலுக்குப் போன பிறகு தொடங்கினேன். அதுவே முதல் பிழை.

காருக்கென்று இவர் வாங்கின இரண்டு தொன் தரை ஜக் இருந்தது. முன்பக்கம் மூக்குத் தாழ்வு. ஜக்கின் தலை உள்ளே போகவில்லை. பின்பக்கம் தாராளமாக இருந்தது. பின்சில்லைத் தாங்கும் இரும்புக் கைக்குக் கீழே ஒரு பலகைத் துண்டைக் கொடுத்து ஜக்கை விட்டேன். பார்க்கிங் பிறேக் போட்டிருந்தேன். சிவப்பு விளக்கு எரிகிறதா என்று இரண்டு தரம் பார்த்தேன். எரிந்தது.

அடிக்க அடிக்க வண்டி எழும்பியது. பின் ரயருக்கும் தரைக்கும் நடுவே ஒரு விரல், இரண்டு விரல். தட்டை உள்ளே தள்ளி, ஒயில் வடிக்கும் ஆணிக்கு நேரே வருகிறதா என்று கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். கொஞ்சம் காணாது. கையை வெளியே எடுத்து, ஜக்கை இன்னும் நாலு அடி அடித்தேன்.

வண்டி பின்னுக்கு வந்தது. ஓடிவரவில்லை, நடந்துவந்தது. தண்ணீர் வடியட்டும் என்று கராஜ் தரையை வாசல் பக்கம் சற்றுச் சரித்துத்தான் போடுவார்கள், கண்ணுக்குத் தெரியாத சரிவு. முன்சில்லு இரண்டும் உருண்டன. ஜக்குக்கும் சின்னச் சில்லுகள் உண்டே, அதுவும் கூடவே உருண்டது. சீமெந்துப் பொருத்தில் அந்தச் சின்னச் சில்லு அகப்பட்டதும் ஜக் சரிந்தது. 450 கிலோவுக்கு மேற்பட்ட வண்டி தொம்மென்று விழுந்தது.

பின் ரயர் தரையில் பட்ட அந்த நிமிடமே வண்டி அசையாமல் நின்றுவிட்டது.

எனக்கு ஒன்றுமில்லை. வண்டிக்கும் பெரிதாக ஒன்றுமில்லை, பக்கப் பிளாஸ்ரிக் பலகையில் ஒரு கீறல், ஒரு ஊசி முறிவு. தட்டைத்தான் இழுத்தெடுக்க வேண்டியிருந்தது. விளிம்பு உள்ளே மடிந்து, நடு நெளிந்து, ஒரு பக்கம் தோசைக்கரண்டி போலத் தட்டையாகிவிட்டது. கையைத் தட்டுக்கு மேலே எந்த இடத்தில் வைத்திருந்தேன் என்று எனக்குத் தெரியும். அந்த இடத்தில் இப்போது விரல் நுழையாது.

அவர்கள் கோயிலால் வந்தபோது நான் தட்டை ஒளித்து வைத்திருந்தேன். நாற்பத்தொன்பது வயதில் செய்கிற வேலையா இது!

ஏப்ரல் 22, திங்கள்

இரவு வேலை. தட்டை இவர் கண்டுபிடித்துவிட்டார். ஒன்றும் கதைக்கவில்லை, குசினி மேசையில் எனக்கு முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஏப்ரல் 23, செவ்வாய்

பின்னேரம் தேத்தண்ணியோடு கையேட்டைப் படித்துக்கொண்டிருந்தேன். மாமா பக்கத்தில் வந்திருந்தார். தட்டின் கதை அவருக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

"பிள்ளை, கைப்பிறேக் எந்தச் சில்லுக்கு?"

"பின்னுக்கு, மாமா."

"பின்னுக்கு எத்தினை சில்லு?"

"ஒண்டு."

"பிள்ளை எதைத் தூக்கினது?"

நான் தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவ்வளவுதான் விசயம். ஒன்பது வருடப் பழைய வண்டி, ஐந்து வருடமாக என்னிடம் இருக்கிறது, இந்தச் சின்னக் கணக்கை நான் போட்டுப் பார்த்ததேயில்லை. பார்க்கிங் பிறேக் பிடிப்பது பின்சில்லை மட்டும். அதைத் தரையிலிருந்து எடுத்த நிமிடமே வண்டிக்குப் பிறேக் இல்லை. விளக்கு மட்டும் பக்திசிரத்தையோடு எரிந்துகொண்டிருக்கும். கியரிலாவது விட்டிருக்கலாமே என்றார் மாமா. அதுவும் உதவாது. என்னுடையது கிளட்ச் பிடி இல்லாத, பொத்தானால் கியர் மாற்றுகிற வகை. உள்ளே இருக்கும் கிளட்ச் என்ஜின் சுழலும் வேகத்தில்தான் பிடிக்கும். என்ஜின் நின்றால் கிளட்ச் விட்டுவிடும். பிறகு எந்தக் கியரில் இருந்தாலும் சில்லு சும்மா உருளும். அதுகூடப் பின்சில்லைப் பற்றின பேச்சுத்தான், அந்தரத்தில் நிற்கிற சில்லைக் கியர் பிடித்தென்ன, விட்டென்ன?

ஏன் இப்படிச் செய்தார்கள் என்று மாமா கேட்டார். இந்த வண்டியின் வேர் கியூபெக் மாகாணத்து வல்கூர் என்ற சின்ன ஊரில் இருக்கிறது. 1959இல் ஸ்கீ-டூ என்ற பனிவண்டியை விற்கத் தொடங்கியவர் அந்த ஊர்க்காரரான ஜோசப்-ஆர்மண்ட் பொம்பார்டியே. பனிவண்டிக்கு முன்னுக்கு இரண்டு சறுக்குக்கட்டை, பின்னுக்கு உந்தித் தள்ளும் ஒரே பட்டி. 2007இல் ஸ்பைடர் வெளிவந்தபோது அதே அமைப்புத் தெருவுக்கு வந்தது, சறுக்குக்கட்டை இருந்த இடத்தில் இரண்டு சில்லு, பட்டி இருந்த இடத்தில் ஒன்று. வளைவில் லேசில் கவிழாது, மழையில் லேசில் சறுக்காது, என் முழங்காலுக்கு வண்டியைத் தாங்கிப் பிடிக்கும் வேலையுமில்லை. இதற்காகத்தான் வாங்கினேன். தூக்கும்போதுதான் அதன் மறுபக்கம் தெரிகிறது.

"ஓட்டோவுக்குப் பின்னுக்கு ரண்டு சில்லு" என்றார் மாமா. "ஒண்டைத் தூக்கினாலும் மற்றது நிலத்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கும். உதிலை எல்லாப் பொறுப்பும் தனிப்பிள்ளையின்ரை தலையிலை."

பிறகு, ஓட்டோவைச் செய்வதுபோல ஒரு பக்கம் சரித்துப் படுக்கப்போட்டால் என்ன என்று கேட்டார். ஆள் நல்லாகத்தான் போய்க்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 24, புதன்

இரண்டு வழி மிஞ்சுகிறது. ஒன்று, முன்பக்கத்தை மட்டும் தூக்கி இரண்டு ஸ்ராண்டில் நிறுத்துவது. பின்சில்லு தரையில் இருக்கும், பிறேக் பிடிக்கும், சில்லுக்கு முன்னும் பின்னும் ஆப்பு வைக்கலாம். பலர் செய்கிற முறை, பிழையில்லை. அதற்கு மூக்குக்குக் கீழே போகிற தாழ்வான ஜக் வேண்டும், வண்டியின் இரும்புச் சட்டத்தில் சரியான இடம் பார்த்துக் கொடுக்க வேண்டும். ஒயில் கிண்ணத்திலோ பிளாஸ்ரிக்கிலோ கொடுத்தால் முடிந்தது கதை. ஜக் தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு ஸ்ராண்ட். உள்ளே றபர் வளையம் தேய்ந்த ஜக் சத்தமில்லாமல் இறங்கும்.

ஸ்ராண்டும் தெய்வமில்லை. 2020இல் அமெரிக்காவில் ஒரே கடைச் சங்கிலி விற்ற 17 லட்சம் ஸ்ராண்டுகளைத் திருப்பி எடுத்தார்கள். பாரம் ஏறி நிற்கும்போது பல்லு வழுகக்கூடும் என்று. அவற்றுக்கு மாற்றாகக் கொடுத்ததிலும் ஒரு தொகுதியை ஒட்டுப் பிழை என்று திரும்பவும் எடுத்தார்கள்.

நாலு சில்லுக் காரில் ஒரு மூலை போனாலும் மிச்சம் மூன்று உண்டு. மூன்றில் ஒன்று போனால் மிஞ்சுவது இரண்டு புள்ளி, ஒரு கோடு. கோட்டில் எதுவும் நிற்காது. முக்காலி ஆடாது, ஆனால் கவிழும்.

இரண்டாவது வழி: வண்டியைத் தூக்கவே வேண்டாம், சில்லுகளை உயரத்தில் ஏற்றிவிடுவது. மூன்று சில்லுக்கும் ஒரே உயரத்தில் மரப்படி. சில்லு எப்போதும் எதன் மேலாவது நிற்கும், பிறேக் பிடிக்கும், வண்டி சமமாக நிற்பதால் ஒயிலும் ஒழுங்காக வடியும். முன்பக்கம் மட்டும் உயர்ந்து நின்றால் பழைய ஒயில் கொஞ்சம் ஒரு மூலையில் ஒதுங்கும்.

மாமா சீமெந்துக் கல் போதும் என்றார். "நான் எத்தினை தரம் வைச்சிருக்கிறன்!" வைத்திருப்பார். ஆனால் உள்ளே பொள்ளலான கல் பாரத்தை ஒரு புள்ளியில் வாங்கினால் முன்னறிவித்தலில்லாமல் தூளாகும். மரம் நசியும், கிறீச்சிடும், வெடிக்க முதல் சத்தம் போடும். இரவு முழுக்க இந்தத் தர்க்கம். கடைசியில் இவர் வந்து லைற்றை நூர்த்தார்.

ஏப்ரல் 27, சனி

மரக்கடைக்கு மாமாவும் வந்தார். இரண்டுக்குப் பத்து என்று எழுதியிருக்கும் பலகையை அளந்தால் ஒன்றரை அங்குலத்துக்கு ஒன்பதேகால்தான், 38 மில்லிமீற்றருக்கு 235. சீவிக் காயவைத்த பிறகு இந்த அளவு, ஊரறிந்த கணக்கு. மாமா ஒப்புக்கொள்ளவில்லை. மூன்று பலகையை எடுத்து அளந்து பார்த்து, "பட்டப்பகலிலை" என்றார்.

முன் ரயரின் அகலம் 165. 235 பலகையில் இரண்டு பக்கமும் 35 மிஞ்சும், போதும். பின் ரயர் 225. அதே பலகையில் ஏற்றினால் பக்கத்துக்கு ஐந்து மில்லிமீற்றர். கம்பியில் நடக்கிற வித்தை. அதனால் பின்சில்லுக்கு 140 பலகை இரண்டைச் சோடியாக அடுக்கி 280 ஆக்கினோம். மூன்று அடுக்கு: அடிப்பலகை ஒரு மீற்றர், அதற்கு மேல் 70 சென்ரிமீற்றர், உச்சி 40. ஒவ்வொரு படியின் ஓரத்தையும் சரித்து வெட்டி, ஸ்குரூ அடித்தோம். சில்லு தாண்டிப் போகாமல் உச்சியில் குறுக்குக் கட்டை. மாமா ஸ்குரூ அடிப்பதைப் பார்த்தால் கோயில் தேருக்கு அச்சு அடிப்பதுபோல இருந்தது.

ஏப்ரல் 28, ஞாயிறு

மூன்று அடுக்கு 114 மில்லிமீற்றர். வண்டியின் வயிறு 115.

முன்சில்லுகளுக்குப் பிரச்சினையில்லை, அவற்றின் படிகள் உடம்புக்கு வெளியே கிடக்கின்றன. பின்சில்லின் படியோ நேரே வயிற்றுக்குக் கீழே போக வேண்டும். ஒரு மில்லிமீற்றர் இடைவெளி, அதுவும் நான் ஏறி இருந்தால் வண்டி அமிழும். குறுக்குக் கட்டையை எண்ணிப் பார்க்கவே வேண்டாம். ஒரு நாள் முழுக்க அளந்து அளந்து வெட்டின மூன்று பேரில் ஒருவரும் இதை யோசிக்கவில்லை.

மாமா தன் பிழை என்றார், இவர் தன் பிழை என்றார், நான் தடுக்கவில்லை.

பிறகு யோசித்தால், இவ்வளவு உயரம் எதற்கு? நேற்றுவரை நான் நினைத்ததெல்லாம் உடம்பை உள்ளே விடுகிற மாதிரி. ஆணி இரண்டும் பக்கத்திலிருந்து கை எட்டும் இடத்தில் இருக்கின்றன. கை போனால் போதும், தலை போகத் தேவையில்லை. உச்சிப் பலகைகளைக் கழற்றினோம். இரண்டு அடுக்கு 76. வயிற்றோடு சேர்த்தால் 191 மில்லிமீற்றர். தாழ்வான புதுத் தட்டு ஒன்று வாங்கினால் மேலே கை திரும்ப இடமிருக்கும். பின்படியில் குறுக்குக் கட்டை வேண்டாம், முன்னுக்கு இரண்டும் போதும்.

ஏற்றிப் பார்த்தோம். முன்சில்லு பட்டதும் இடது படி முன்னுக்கு ஓடிப்போய்ச் சுவரில் முட்டியது. வழுவழுத்த தரை. பழைய கார் மிதிறபரை வெட்டி மூன்று படிக்கும் அடியில் அடித்தோம். அடுத்த தரம் படி அசையவில்லை. ஆனால் மாமா வண்டிக்கு நேரே முன்னால் நின்று, யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் பஸ்ஸுக்குக் கை காட்டுகிற மாதிரி, வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் என்ஜினை நிறுத்திவிட்டுத் தலைக்கவசத்துக்குள்ளால் கத்தினேன். மாமனாரிடம் அப்படிக் கத்தினது கல்யாணம் முடித்து இருபத்தாறு வருடத்தில் முதல் தரம். அவர் பக்கத்தில் போய் நின்றார். கிளட்ச் பிடிக்கிற இடத்தில் இந்த வண்டி ஒரு குலுக்குக் குலுக்கும், முன்னுக்கு நிற்கிறவர் சுவருக்கும் வண்டிக்கும் நடுவே போவார்.

மே 4, சனி

காலை பத்து மணி. என்ஜினைச் சூடாக்கினேன், சூடான ஒயில்தான் அழுக்கையும் அள்ளிக்கொண்டு வரும். மூன்று சில்லும் ஒரே நேரத்தில் முதல் படி, ஒரே நேரத்தில் இரண்டாம் படி. பிறேக். என்ஜின் நிறுத்தம். சில்லுகளுக்குப் பின்னால் ஆப்பு. பிறகு கையை விட முதல் இடுப்பால் வண்டியை இரண்டு பக்கமும் இடித்துப் பார்த்தேன், அசையவில்லை. இவரையும் இடிக்கச் சொன்னேன்.

ஆறவிட்டு ஆணியைக் கழற்றினேன். இதற்கு வடிகால் ஆணி இரண்டு. முதலாவது கடைசிப் புரியில் கையை விட்டு நழுவி ஒயிலுக்குள் விழுந்தது. கறுப்புத் தாரை தட்டில் சுருண்டு விழுந்து, மெல்ல நூலாகி, பிறகு சொட்டானது. ஆணியின் காந்த நுனியில் சாம்பல் நிறப் பசை, விரலில் தேய்த்தால் திருநீறு போலப் பட்டுப்போன்ற தூள். அது சரி. தூளாக இல்லாமல் செதிலாக இருந்தால் கவலைப்பட வேண்டும்.

மாமா குந்தியிருந்து, வடிந்த ஒயிலை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்து, மணந்து பார்த்தார். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாமல் ஊரே மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டின காலம். தொடங்குவதற்கு மட்டும் சின்னப் போத்தலில் இருந்து சில துளி பெற்றோல், பிறகெல்லாம் மண்ணெண்ணெய். எரியாத மண்ணெண்ணெய் ஒயிலுக்குள் இறங்கித் தண்ணீராக்கிவிடும். "அப்ப மூக்குத்தான் எங்களுக்கு மீற்றர்" என்றார். இது நல்ல ஒயிலாம், இன்னும் கொஞ்சம் ஓடலாமாம். அவர் காலத்துக் கணக்கு. நான் வாதிடவில்லை.

வடிகட்டியை மாற்றி, அதன் றபர் வளையங்களுக்குப் புது ஒயில் பூசி, பழைய வளையம் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தேன். ஆணிகளுக்குப் புது வாஷர், இறுக்குவது கையேட்டில் போட்டிருக்கும் அளவுக்கு, அளவு காட்டும் ஸ்பானரால். கை உணர்வை நம்பி அலுமினியப் புரியை அறுத்தவர்கள் நிறையப் பேர்.

இவர் காருக்கு வாங்கின 0டபிள்யூ-20 ஒயில் இரண்டு கலன் கிடக்கிறது, அதை ஊற்றினால் என்ன என்று கேட்டார். இந்த வண்டியில் என்ஜினும் கிளட்சும் ஒரே ஒயிலில் குளிக்கின்றன. கார் ஒயிலில் உராய்வைக் குறைக்கச் சேர்க்கிற சாமான் கிளட்சை வழுக்க வைக்கும். மோட்டார் சைக்கிளுக்கான ஜாசோ எம்.ஏ.2 முத்திரையுள்ள 5டபிள்யூ-40தான் ஊற்றினேன், முதலில் முக்கால்வாசி. சில நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, அளவுக்கோலைத் துடைத்துப் பார்த்து, மெல்ல மெல்ல மிச்சம். கூடிப்போனால் எடுப்பது பெரும் பாடு.

இறங்குவதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஆப்பை எடுத்து, றிவேர்ஸ் போட்டு, தொக், தொக் என்று இரண்டு படி. தரையில் வைத்துத் திரும்பவும் அளவு பார்த்தேன். சரியாக இருந்தது. ஒரு மணித்தியாலம் நாற்பது நிமிடம், அதில் இருபது நிமிடம் விழுந்த ஆணியைத் தட்டில் துழாவினது.

மே 11, சனி

பழைய ஒயிலைக் கலனில் ஊற்றி, நகரசபையின் ஸ்காபரோக் கழிவு நிலையத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். நெளிந்த தட்டையும் கொண்டுபோனேன், பழைய இரும்பில் போட. பிறகு என்ன நினைத்தேனோ, திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன். கராஜ் சுவரில் ஜக்குக்கு மேலே ஆணியில் தொங்குகிறது.

வந்து பார்த்தால், கழற்றின உச்சிப் பலகைகளை மாமா முற்றத்தில் படிபோல அடுக்கி, குசினிச் சன்னலோரம் வளர்த்த மிளகாய்க் கன்றுகளையும் கத்தரிக் கன்றுகளையும் வரிசையாக ஏற்றியிருந்தார். இரவில் இன்னும் உறைபனி விழலாம், அதனால் பகலில் வெளியே, பொழுதுபட உள்ளே. அந்தப் பலகை போதாதென்று பின்சில்லின் படியையும் எடுத்து வந்திருந்தார். 280 மில்லிமீற்றர் அகலத்தில் சாடி வைக்க வாகாக இருக்கிறதாம். அது அடுத்த ஏப்ரலில் எனக்கு வேண்டும் என்றேன். அடியில் அடித்த றபர் மட்டும் நனையாமல் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.